கடை மகனுக்கு, வளவு மகளுக்கு: லாச்சிச் சாவி யாருக்கு?

கேள்வி, 2025 மார்ச் 2

கல்முனையில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. அப்பாவுக்கு 71 வயது. நான் 14 வருடமாகக் கடையில் நிற்கிறேன். சம்பளம் என்று ஒன்று கிடையாது, தேவைப்பட்டால் அப்பா காசு லாச்சியிலிருந்து எடுத்துத் தருவார். தங்கைக்குக் கலியாணம் முடித்தபோது வீடு வளவைச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. கடை அந்த வளவின் முன்பக்கத்தில் இருக்கிறது. இப்போது மச்சான் கட்டாரிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டார், காலையில் கடைக்கு வந்து உட்காருகிறார். நல்ல மனிதர்தான். கடை யாருக்கு என்று அப்பாவிடம் கேட்டால், "நான் செத்தாப் பிறகு பேசுங்க" என்கிறார். எப்படிப் பேச்சை எடுப்பது?

பதில், 2025 மார்ச் 3, இரவு

செத்த பிறகு பேசலாம் என்று இருந்தவன் நான். என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், மறுகா உங்கள் கதைக்கு வருவோம் தம்பி.

எங்கள் அப்பா 1974இல் மட்டக்களப்புக் கல்லடியில் பேக்கரி போட்டார். போர்டில் வெதுப்பகம் என்று இருந்தது, சனத்துக்கு எப்போதும் பேக்கரிதான். 2011இல் ஒரு பின்னேரம் நெஞ்சு நோகிறது என்றார், இரவு முடிந்துவிட்டது. வியாபாரப் பெயர்ப் பதிவு அவர் பெயரில். வங்கிக் கணக்கும் அவர் ஒருவர் பெயரில்தான். மா ஏஜென்டுக்குத் திகதி போட்டுக் கொடுத்த செக் ஐந்து வெளியே நின்றது. மரணச் செய்தி வங்கிக்குப் போனதும் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாடிக்கையாளர் இறந்தது தெரிந்தால் எந்த வங்கியும் அதைத்தான் செய்யும். கணக்கில் காசு கிடந்தது, செக் திரும்பியது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள் ஏஜென்ட் போன் எடுத்தார். துக்கம் விசாரிக்கிறார் என்று நினைத்து அவரிடம் அழுதேன். பாவம் மனிதர், பத்து நிமிடம் பொறுத்திருந்துவிட்டுத்தான் செக்கைப் பற்றிக் கேட்டார்.

ஆகவே "கடை யாருக்கு" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அப்பாவின் காதில் "எப்போது சாவீர்கள்" என்றுதான் விழும். "அப்பா, நீங்கள் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் படுத்தால் செக்கில் யார் கையெழுத்துப் போடுவது?" என்று கேளுங்கள். அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சீமெந்து லொறி ஒரு கிழமை காத்திருக்காது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

பத்துக் குடும்பத் தொழிலில் மூன்றுதான் இரண்டாம் தலைமுறைக்குப் போய்ச் சேரும் என்று எங்கேயோ படித்தேன். எங்களுடையது மற்ற ஏழில் ஒன்று.

2025 மார்ச் 4

அற்றோனித் தத்துவம், அதாவது நமக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரம், எழுதிவிட்டால் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போதும், மரணத்துக்குப் போதாது. எழுதிக் கொடுத்தவர் கண் மூடியதும் அந்தத் தத்துவமும் முடிந்தது.

2025 மார்ச் 9

இன்றைக்கு ஞாயிறு, ஆறுதலாக எழுதலாம்.

குடும்ப வியாபாரத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதுவதை வாசித்தால் மூத்த மகனா இளைய மகனா என்றே போகும். நம் பக்கத்துச் சிக்கல் வேறு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்ணோடு போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். இரண்டு மகள் என்றால் அப்பன் இரண்டு வீடு கட்ட வேண்டும். குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில்தான் எண்ணப்படும். தமிழர் வீட்டிலும் இதுதான், முஸ்லிம் வீட்டிலும் அனேகமாக இதுதான்.

அப்பன் கடையை எங்கே போடுகிறான்? ரோட்டோரம், தன் வளவின் முன்பக்கத்தில். அதே வளவை ஒரு நாள் மகளுக்கு எழுதுகிறான். கடையில் நிற்பவனோ மகன். அந்த நாளிலிருந்து மகன் வியாபாரம் செய்வது தங்கச்சியின் கட்டடத்தில், அதாவது மச்சானின் முற்றத்தில். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. காணி உறுதி எழுதும்போது பொம்பிளை மாப்பிள்ளை முகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், முன்னால் நிற்கும் கடை யார் கண்ணிலும் படுவதில்லை. சிலர் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுவார்கள். அது அப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனையும் சேர்த்துக் காப்பாற்றும். அதற்குப் பிறகு?

எங்கள் வீட்டில் அக்காவுக்குத்தான் வளவு. போறணை (பாண் சுடும் அடுப்பு) வளவின் பின்பக்கம், கடை முன்பக்கம், நடுவில் அக்கா வீடு. விடிய இரண்டு மணிக்கு மா குழைக்கிற சத்தத்தில் அத்தான் பத்து வருடம் நித்திரை கொண்டார். அப்பா போய் ஆறு மாதத்தில் வாடகை கேட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் அப்பா போட்ட செங்கல்லுக்கு என்னிடமே வாடகையா என்று கத்தினேன். 2013இல் வேறு இடம் எடுத்துப் போனேன். புதுப் போறணை, புது லோன். எங்கள் பாஸ், அதாவது பாண் போடும் தலைமைத் தொழிலாளி, 22 வருடம் அப்பாவோடு இருந்தவர், மாவில் விரலை வைத்தே புளிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லும் ஆள். "நான் அந்தப் போறணைக்குத்தான் பழக்கம் தம்பி" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார். 2016இல் பூட்டினேன். இப்போது கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மற்றவன் வீட்டுச் சண்டையை மாதக் கட்டணத்துக்குப் பார்க்கிறேன் என்று மனைவி சொல்வாள்.

2025 மார்ச் 10

இரண்டு திருத்தம்.

பத்தில் மூன்று என்று எழுதினேன் அல்லவா, அதைத் தேடிப் பார்த்தேன். ஜோன் வார்ட் என்ற அமெரிக்கர் 1987இல் வெளியிட்ட ஆய்வு. இலினோய் மாநிலத்தில் 200 அளவிலான உற்பத்திக் கம்பனிகளை 1924இலிருந்து 1984 வரை பார்த்திருக்கிறார். 30 வீதம் இரண்டாம் தலைமுறையின் முடிவுவரை நின்றன என்பது அதில் வருவது. அதை உலகம் முழுவதும் "இரண்டாம் தலைமுறைக்கே 30 வீதம்தான் போகும்" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறது, நானும் திரிந்தேன். விற்று நல்ல காசு பார்த்தவர்கள்கூட அதில் நிற்காதவர்களாகத்தான் எண்ணப்பட்டிருக்கிறார்கள். இலினோய் இரும்புப் பட்டறையை வைத்துக் கல்முனை ஹார்ட்வெயாருக்குச் சாதகம் பார்க்க முடியாது.

மற்றது, மட்டக்களப்பின் பழைய தாய்வழிச் சொத்து வழக்கமான முக்குவர் வழமைப்படி எல்லாம் பெண்ணுக்குத்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வழமை சட்டமாக இப்போது இல்லை. தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத்தாருக்கு, நமக்கில்லை. மட்டக்களப்புத் தமிழருக்கு இலங்கையின் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்தான். மரண சாதனம் (உயில்) எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்குப் பாதி, மிச்சப் பாதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. கலியாணத்துக்கோ தொழில் தொடங்கவோ பெற்றோர் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் பங்கு பிரிக்கும்போது அதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும், பெற்றோர் அதை விலக்கிவிட்டிருந்தாலொழிய. இந்தக் கடைசி வசனத்தை அறியாமலேதான் பாதிச் சண்டை நடக்கிறது. "அவளுக்குச் சீதனம் கொடுத்தாச்சு, இனி ஒன்றுமில்லை" என்று அண்ணன் சொல்கிறான். "அது சீதனம், இது முதுசம் (பரம்பரைச் சொத்து)" என்று தங்கை சொல்கிறாள். இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

2025 மார்ச் 16

போன கிழமை ஒரு நெல் ஆலைக்காரர் வீட்டில் நடந்தது. சம்மாந்துறைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அண்ணன் தம்பி நாலு பேர், ஒரே கத்தல். தேத்தண்ணிக் கிளாஸின் அடி ஈரமாக இருந்தது. பில் கொப்பியின் பின்பக்கத்தில் அதை மூன்று இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகிற மாதிரி வைத்து எடுத்தேன். ஒரு வட்டம் குடும்பம், ஒன்று உடைமை, மற்றது வேலை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்ட்டில் ரெனாட்டோ தகியூரி, ஜோன் டேவிஸ் என்ற இருவர் 1970களின் கடைசியில் போட்ட படம். ஈரம் காய முதல் பேனையால் சுற்றிக் கீறிவிட்டு, "நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், புள்ளி வையுங்கள்" என்றேன்.

மூத்தவர் மூன்றும் வெட்டுகிற நடுவில் வைத்தார். இரண்டாமவரும் நடுவில் வைத்தார். லண்டனில் இருக்கிற மூன்றாமவருக்காக மூத்தவரே குடும்பத்தில் மட்டும் ஒரு புள்ளி வைத்தார். வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தவர், "2022இல் டொலர் ஏறினபோது ஆலையைத் தூக்கி நிறுத்தினது என்ர காசு, எனக்கு உடைமை இல்லையா?" என்றார். கடைசித் தம்பி பேனையை வாங்கவே இல்லை. கேட்டேன். "எனக்கு எங்க வைக்கிறதெண்டு தெரியல்லகா" என்றார். பதினொரு வருடமாக உமிப் புகைக்குள் நிற்கும் மனிதர்.

தம்பி, நீங்களும் கீறிப் பாருங்கள். நீங்கள் குடும்பம், வேலை. உடைமை இல்லை. தங்கை குடும்பம், உடைமை, வேலை இல்லை. மச்சான் நேற்று வந்தாலும் தங்கையின் உடைமைப் பக்கத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார். அவர் உட்காரும் கதிரை உங்களை உறுத்துகிறது என்றால் காரணம் அவர் குணத்தில் இல்லை.

2025 மார்ச் 17

"வேலை" வட்டத்தில் மட்டும் நிற்பவரை மறந்துவிட்டேன், எங்கள் பாஸ் மாதிரி ஆட்களை. குடும்பக் கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவதில்லை. கூட்டத்தில் என்ன முடிவு என்பது வீட்டாரைவிட முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

2025 மார்ச் 23

சம்பளத்துக்கு வருகிறேன். 14 வருடம் சம்பளம் இல்லை என்றால் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் முதலாளி கட்டும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். எங்கள் பேக்கரியில் பாஸுக்கு அப்பா இதெல்லாம் ஒழுங்காகக் கட்டினார். எனக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நான் "முதலாளிட மகன்". பூட்டிய நாளில் பாஸுக்குக் கையில் ஒரு தொகை இருந்தது, முதலாளியின் மகனுக்கு லோன் இருந்தது. சிரிப்பு வருகிறது இப்போது.

லாச்சியிலிருந்து எடுத்துத் தருவதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. நீங்கள் 14 வருடத்தில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கு அது கொஞ்சம், தங்கைக்கு அது நிறைய. எழுதிய சம்பளம் 40,000 என்றால் எல்லோருக்கும் 40,000தான்.

2025 மார்ச் 29

கொப்பிக் கதையைச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்தேன்.

அப்பாவுக்குச் சாவியைக் கொடுக்க மனம் வராது. லாச்சிச் சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும், குளிக்கும்போதும் கழற்றமாட்டார். அதைத் திட்டித் திட்டியே வளர்ந்தேன். பிறகு யோசித்தால், 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போனது. 1990 சண்டையில் பூட்டிவிட்டு ஓடி, திரும்பி வந்து சுவரிலிருந்து தொடங்கினார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போறணையின் வாய்வரை மணல். மூன்று தரம் தன் கையால் எழுப்பியவர். நான்காவது தரம் எழுப்ப நேர்ந்தால் இவன் எழுப்புவானா என்று என்னைப் பார்த்திருப்பார். எழுப்பவில்லைதானே நான்.

சாவி கிடைத்தது, அவர் போன பிறகு. திறந்தால் சில்லறை, ஒரு திருநீற்றுப் பை, நீல மட்டைக் கடன் கொப்பி. கொப்பியில் ஒரு பெயர் இல்லை. "மஞ்சள் கேற் 4,300." "சைக்கிள் மாமி 760." "இரட்டைப் பிள்ளை 2,115." "கோணல் தொப்பி 9,000." மொத்தம் கூட்டினால் இரண்டு லட்சத்துக்கு மேல். யாரிடம் போய்க் கேட்பது? கல்லடியில் எத்தனை மஞ்சள் கேற்!

அம்மா கடைக்குள் காலடி வைத்ததில்லை. வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "மஞ்சள் கேற் ரெயில்வேயில வேலை செய்த ஆள், அந்த மனுசி கேற்றுக்குப் பச்சை அடிச்சுப் போட்டுது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முப்பத்தெட்டுப் பெயரில் முப்பத்தைந்தை அவிழ்த்தார். இரவுச் சாப்பாட்டில் அப்பா சொன்னதெல்லாம் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது. நாங்கள் அண்ணன் தம்பி யார் முதலாளி என்று அடிபட்டுக்கொண்டிருந்த வாரம் அது. மிச்சம் மூன்றில் "நெட்டைத் தென்னை" என்பவர் தினமும் இரண்டு பாண், சில நாள் மூன்று, கொப்பி முழுக்க வருகிறார். இன்றுவரை யாரென்று தெரியாது. நல்ல வாடிக்கைக்காரர், அது மட்டும் நிச்சயம்.

தம்பி, உங்கள் அப்பாவிடம் சாவியைக் கேட்க முதல் கொப்பியைக் கேளுங்கள். எந்த மேசனுக்குக் கடன் கொடுக்கலாம், எந்தக் கொந்தராத்துக்காரருக்கு ஒரு மூடை சீமெந்துகூடக் கொடுக்கக் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் அம்மாவையும் இருத்துங்கள்.

2025 ஏப்ரல் 16

சித்திரை வருசத்தன்று நடந்ததைத் தம்பி எழுதி அனுப்பியிருக்கிறார். கைவிசேடம் வாங்கும்போது, "அப்பா, எனக்குக் கடை வேண்டாம், சம்பளம் போட்டுத் தாருங்கள், மச்சானுக்கும் போடுங்கள்" என்றாராம். அப்பா அரை மணித்தியாலம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் என்ன எடுக்கிறது?" என்று கேட்டாராம்.

அருமையான கேள்வி. அந்த மனிதருக்கும் 40 வருடமாகச் சம்பளம் இல்லை! கடையை விட்டால் மருந்துக்கு மகனிடம் கை நீட்ட வேண்டும் என்ற பயத்தில்தான் பல அப்பாமார் லாச்சியை விடுவதில்லை. மாதம் இன்ன திகதிக்கு இன்ன தொகை என்று அவருக்கு எழுதிக் கொடுங்கள், சாவி தானாகக் கழரும். கழராமலும் இருக்கலாம், உத்தரவாதம் தரமாட்டேன்.

2025 ஏப்ரல் 27

காத்தான்குடியிலிருந்து ஒரு நானா, தங்கள் பக்கம் எப்படி என்று கேட்டார். எழுதி வைக்காமல் மௌத்தானால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், அதாவது மார்க்கப்படி. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு. மகளுக்கு ஏற்கனவே வீடு போயிருக்கும், ஆகவே கட்டடச் சிக்கல் அங்கேயும் இதேதான். வாடகையோ குத்தகையோ, ஒரு மாதத்தைத் தாண்டிய எதையும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் உறுதிப் பத்திரமாக எழுதுங்கள். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். "ராத்தாதானே (அக்காதானே), வாய்ப்பேச்சு போதும்" என்பது ராத்தா உயிரோடு இருக்கும்வரை.

இரண்டு சகோதரர் பங்காளிகள் என்றால் அதையும் எழுத வேண்டும். வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய ஒரு பங்காளி இறந்ததும் பங்குடைமை கலைந்துவிடும்.

2025 மே 4

மருமகனை நம்பிக் கடையைக் கொடுக்கலாமா என்று பெரிய வாக்குவாதம் நடக்கிறது. ரோட்டில் போகிற சுசுக்கி அல்டோவைப் பாருங்கள். ஒசாமு சுசுக்கி பிறப்பால் மற்சுடா. சுசுக்கி நிறுவனரின் பேத்தியைக் கட்டி, பெண் வீட்டாரின் குடும்பப் பெயரையே எடுத்தார். ஜப்பானில் அது பழைய வழக்கம். 1978இல் கம்பனித் தலைவரானார், சின்னக் கம்பனியை இந்தியாவரை கொண்டுபோனார். நம் ஊர் மாப்பிள்ளை மாதிரித்தான், நம்மவர் பெயரை மட்டும் மாற்றுவதில்லை. ஆனால் பதவியை விட்டது 2021இல், 91 வயதில். மருமகனாக வந்தாலும் லாச்சிச் சாவி லாச்சிச் சாவிதான்.

மகள்மாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சென்னை முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017இல் இறந்தார், இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம் குழுமத்தின் பங்குகளை வைத்திருக்கும் தாய்க் கம்பனியின் இயக்குநர் சபையில் இடம் கேட்டார். 2020இல் அந்தக் கோரிக்கை பங்குதாரர் வாக்கில் தோற்றது, 2023இல்தான் குடும்பத்துக்குள் இணக்கம் வந்தது. நம் பக்கம் பெண்ணுக்கு வீட்டைக் கொடுக்கிறோம், குடியைக் கொடுக்கிறோம், கடைக் கணக்கைக் காட்டமாட்டோம். கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) எந்தக் குடியிலிருந்து வர வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதிலும் சண்டை வருகிறது. ஒரு விதியும் இல்லாத கடையில் வராமலா இருக்கும்.

2025 மே 5, விடிய

நித்திரை வரவில்லை. மார்ச் 9இல் அத்தானைப் பற்றி எழுதியதை வாசித்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். அப்பா போன பிறகு இரண்டு வருடம் போறணைக்கும் கடைக்கும் அக்காவின் மீற்றரில்தான் கரண்ட் ஓடியது. நான் ஒரு மாதமும் கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை, அப்பா காலத்தில் யார் கட்டினார் என்றும் கேட்டதில்லை. அத்தான் முதலில் கேட்டது வாடகை இல்லை, அந்தப் பில்லைத்தான். நான் கத்திய பிறகுதான் வாடகை என்ற சொல் வந்தது. பன்னிரண்டு வருடமாக மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

2025 மே 18

தம்பியின் செய்தி: தங்கையோடு வாடகை பேசியாயிற்று, நொத்தாரிசிடம் திகதி எடுத்திருக்கிறார்கள். மச்சான் சீமெந்து, கம்பி. தம்பி பெயின்ட், குழாய். அப்பா மேசையில். செக்குக்கு அப்பாவும் தம்பியும், யார் கையெழுத்து என்றாலும் செல்லும். கடை யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. அப்பா மரண சாதனம் என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிக் குளிக்கப் போய்விட்டாராம். மறுபடி வருவார், அவசரப்படாதீர்கள்.

2025 ஜூன் 8

இங்கே எழுதிக்கொண்டிருந்ததில் நீலக் கொப்பியைத் தூசி தட்டி எடுத்தேன். கரண்ட் பில் காசையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் உறையைத் திறக்கவில்லை, ரீவிக்கு மேல் வைத்தார். அக்கா கொப்பியைப் புரட்டினா. "நெட்டைத் தென்னை" என்ற இடத்தில் விரல் நின்றது.

"டேய், இது நம்மட வளவுடா. முன்னுக்கு ஒரு நெட்டைத் தென்னை நிண்டது, சூறாவளிக்கு முறிஞ்சது. நீ ரெண்டு வயசு, உனக்கெங்க தெரியும்."

வீட்டுக்கு எடுத்த பாண். தினமும் இரண்டு, பிள்ளைகள் வந்து நின்றால் மூன்று. அப்பாவுக்கு வீடும் கடையும் ஒன்று என்று பத்து வருடமாக எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். மாதக் கடைசியில் வேறு மையில், சின்ன எழுத்தில், "தந்தது" என்று ஒரு வரி. 2005 தையிலிருந்து அவர் போன மாதம்வரை ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி மாதாமாதம் வருகிறது, "தெ. கரண்ட்" என்று. அதை நான் இவ்வளவு நாளும் தெருவிளக்கு வரி என்று நினைத்திருந்தேன்.

கொப்பியை அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன். மற்ற இரண்டு பெயரையும் பார்த்துச் சொல்கிறேன் என்றா.